முற்றிய புற்றுநோயும் நள்ளிரவு வேதனையும்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் நான்காம் கூறு. இந்த நான்காமவனை அவர் 'உழைச்செல்வான்' என்கிறார். பள்ளியில் இக்குறளை மனப்பாடம் செய்தபோது எனக்கு மதிப்பெண் நினைவைத் தவிர வேறு நினைவில்லை. சென்ற ஆண்டு என் அம்மாயிக்கு நானே உழைச்செல்வானாக இருக்க நேர்ந்தது. அந்த வேலையை நான் சரிவரச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை, எதை அறிந்திருந்தால் செய்திருப்பேன் என்பதைத்தான் இங்கு எழுத முற்படுகிறேன்.

நான் மருத்துவம் பயில்பவள் அல்லள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள், படிப்பது வேதியியல். ஆகவே கீழே வரும் மருந்தளவுகள் எல்லாம் விளக்கத்திற்காகச் சொல்லப்படுபவை. எந்த நோயாளிக்கு எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகள் ஓடும் ஊர் எங்களுடையது. அம்மாயி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தார் சுற்றிப் பிழைத்தவர். தூக்கம் வராமலிருக்க வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதே கன்னத்தில்தான் புண் வந்தது. கோவையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று எட்டு மாதம் நன்றாக இருந்தார். பின்னர்க் கழுத்தில் கட்டிகள் தோன்றின. இனிக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு இடமில்லை என்று மருத்துவர் சொல்லி, பதினான்கு நாளுக்கு 84 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பினார். மார்ஃபின் 10 மில்லிகிராம். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். காலை 6, 10, மாலை 2, 6 ஆகிய வேளைகளில் ஒவ்வொன்று. இரவு 10 மணிக்கு இரண்டு. அவ்வளவுதான் எழுதியிருந்தது. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம் என்று வாயால் சொன்னார்கள்.

அன்று மாலையே மாமா வந்தார். சீட்டின் பெயரைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "அது அபினாக்கும் அம்மிணி. பழகிப் போச்சுன்னா விடாது. தாங்க முடியாதப்ப மட்டும் ஒண்ணு குடு, போதும்" என்றார். அம்மாவும் அதையே சொன்னார். அறிவியல் படிக்கும் நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை, எனக்கும் உள்ளூர அதே பயம்தான். மாத்திரைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். அம்மாயி முனகும்போது பொறுத்துப் பார்ப்போம். அழும்போது ஒன்று கொடுப்போம். அது வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அவர் துவண்டுவிடுவார்.

பதினோராம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு வலி எல்லை மீறியது. மூச்சும் இழுத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய எங்கியும் எடுத்துட்டுப் போகாதீங்க சாமி, இந்தத் தறிச் சத்தத்துலயே கெடக்கறேன்" என்று குழறலாகச் சொன்னார். ஆனால் கண்முன் ஒருவர் துடிக்கும்போது சும்மா இருக்க யாரால் முடியும்? 108-ஐ அழைத்தோம். ஊர்தி விரைவாகவே வந்தது. அதன் பணியாளர்கள் மிகுந்த அன்போடு நடந்துகொண்டார்கள். அவர்களுடைய வேலை உயிரைக் காத்து மருத்துவமனையில் சேர்ப்பது. அதைச் செய்தார்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நரம்பு கிடைக்காமல் இரு கைகளிலும் ஊசி தேடினார்கள். மூக்கில் குழாய் செலுத்தினார்கள். 'கேன்சர் கடைசி ஸ்டேஜ்' என்று நான் சொன்னதும், "அப்புறம் எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி கடுமையாக இருந்தது. ஆயினும் அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல விடை இல்லை. வலிக்கான ஊசி போடப்படுவதற்கு முன்பே, விடியற்காலையில், நடைவழியில் கிடந்த தள்ளுபடுக்கையில் அவர் உயிர் பிரிந்தது.

இதற்குச் சில மாதங்கள் கழித்து நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு செவிலியர் எங்களிடையே பேசினார். முற்றிய நோயாளிகளை வீடு வீடாகச் சென்று பார்ப்பவர் அவர். "கடைசி நாள்களில் வரும் அவசரங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை" என்று அவர் சொன்னபோது என் நெஞ்சு திக்கென்றது. அதன் பிறகே இப்பொருள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

மணி பார்த்துக் கொடுப்பது ஏன்?

முதலில் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பாடமும் அதுவே.

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. அதிலிருந்து மார்ஃபினைத் தனியே பிரித்தெடுத்தவர் செர்ட்யூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளுநர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. ஒரு தாவரத்திலிருந்து தூய நிலையில் பிரிக்கப்பட்ட முதல் ஆல்கலாய்டுகளுள் இது ஒன்று. இதன் மூலக்கூறில் 17 கார்பன், 19 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இந்த நாற்பது அணுக்களின் அமைப்பைக் கண்டறிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இராபர்ட் இராபின்சன் 1925-இல் அமைப்பைக் கூறினார். மார்ஷல் கேட்ஸ் 1952-இல் ஆய்வகத்தில் தொகுத்தார். நம் ஆய்வகத்தில் பீனாலுக்கு ஃபெரிக் குளோரைடு சோதனை செய்கிறோம் அல்லவா, மார்ஃபினிலும் ஒரு பீனால் தொகுதி இருப்பதால் அதுவும் அச்சோதனைக்கு நீல நிறம் தரும்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இம்மூலக்கூறு பொருந்தி அமரும் ஏற்பிகள் இருப்பது 1973-இல் நிறுவப்பட்டது. ஏற்பியில் அமர்ந்திருக்கும் வரைதான் வலி அடங்கும். உடலோ அதை விடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. கல்லீரல் அதை மாற்றுகிறது, சிறுநீரகம் கழிக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ளது பாதியாகிவிடும். சாதாரண மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். நான்கு மணிக்கு ஒருமுறை என்பதற்குக் காரணம் இதுவே. முந்தைய மாத்திரை இறங்கும் முன் அடுத்தது ஏறிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு இரண்டாகக் கொடுப்பது, நடுச்சாமம் இரண்டு மணிக்கு எழுப்பாமல் தூங்கவிடுவதற்காக. அந்தச் சீட்டில் இருந்த ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் எண்ணைப் படித்தேன், காரணத்தைப் படிக்கவில்லை.

வலி வந்த பிறகு கொடுக்கும் முறையில், ஒவ்வொரு முறையும் வலி முழுதாக ஏறிய பின்னரே மருந்து அதைத் துரத்துகிறது. நோயாளி அடுத்த வலியை எதிர்பார்த்தே நடுங்கிக்கொண்டிருப்பார். இலண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தோற்றுவித்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதைத்தான் எதிர்த்தார். அவர் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன் பின் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். கெஞ்சிக் கேட்ட பிறகு மருந்து கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, வலி தலையெடுக்கும் முன்பே தவறாது கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்லிற்று: இயன்றவரை வாய் வழியாக, கடிகாரத்தின்படி, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக.

இதோடு இன்னொன்றும் உண்டு. நேரப்படி கொடுத்தும் நடுவே வலி பீறிட்டு வருவதுண்டு. அதற்கென ஓர் உபரி அளவை முன்பே எழுதித் தர வேண்டும். ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. எங்கள் சீட்டில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஒன்றரை மணிக்கு எனக்குச் செய்ய ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

மாமாவின் பயத்திற்கு வருகிறேன். நெடுநாள் மார்ஃபின் எடுத்தால் உடல் அதற்குப் பழகுவது உண்மை. திடீரென நிறுத்தினால் உடல் தொல்லைப்படும். ஆகையால் நிறுத்த வேண்டுமாயின் படிப்படியாகக் குறைப்பார்கள். ஆனால் போதைக்கு அலையும் வேட்கை வேறு. மருத்துவரின் கண்காணிப்பில் புற்றுநோய் வலிக்காக உண்பவரிடம் அது அரிது. மூச்சு நின்றுவிடும் என்ற பயமும் உண்டு. அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தும்போது, மூச்சுத் தளரும் முன் மிகுதியான தூக்கக் கலக்கம் வந்து எச்சரித்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் மட்டும் மருந்தின் விளைபொருள்கள் தேங்குமாதலால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உண்மையில் விடாமல் வரும் தொல்லை மலச்சிக்கல்தான். மார்ஃபின் எழுதும் கையே பேதி மருந்தும் எழுத வேண்டும் என்று முகாமில் அந்தச் செவிலியர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அபின் விளையும் நாட்டில்

மாமாவின் பயம் அவருடையது மட்டுமன்று; நாடே அந்தப் பயத்தில் இருந்தது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. உலக நாடுகளின் மருந்துத் தேவைக்கு அபின் விற்ற நாடு நம்முடையது. அப்படியிருந்தும் 1985-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, நம் மருத்துவமனைகளில் மார்ஃபின் பயன்பாடு ஆண்டுக்காண்டு சரிந்தது. 1997-இல் இந்நாடு முழுமைக்கும் பயன்பட்டது 18 கிலோதான். பத்தாண்டுச் சிறைக்குக் குறையாத தண்டனைகள் ஒரு பக்கம். மருந்தை வாங்கவும் வைக்கவும் கொண்டுசெல்லவும் வெவ்வேறு துறைகளில் வெவ்வேறு உரிமங்கள் இன்னொரு பக்கம். மருந்துக் கடைகள் கைவிட்டன. மார்ஃபினைக் கையாளவே பழகாமல் ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து வெளியேறினார்கள்.

2014-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாத மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களின் இடத்தில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் பெறும் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று. சட்டம் மாறிப் பத்தாண்டுக்கு மேல் ஆகியும் மனம் மாறவில்லை என்பதற்கு எங்கள் வீட்டுப் பீரோவே சாட்சி. தேவைப்படுவோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கே உலகில் இத்தகைய ஆதரவுச் சிகிச்சை கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாத்திரையின் விலையோ சில ரூபாய்.

நள்ளிரவில் வருபவை

கடைசி வாரங்களில் என்னென்ன வரக்கூடும்? வலியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மற்றவற்றைப் பார்ப்போம்.

மூச்சுத் திணறல். இதைப் பார்த்தவுடன் ஆக்சிஜன் உருளை தேடி ஓடுகிறோம். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையாத நோயாளிக்கு உருளையால் பெரும் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிமிர்த்திச் சாய்த்து உட்கார வைத்து, சன்னலைத் திறந்து, முகத்தில் காற்றுப் படும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்தாலே திணறல் உணர்வு குறையும். முகத்தில் உள்ள நரம்புகளைக் குளிர்ந்த காற்று தொடுவதுதான் காரணம் என்கிறார்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புவது அதைவிட முக்கியம். நம் ஊரில் அதுதான் கடினம். மருத்துவர் குறித்துத் தரும் சிறிய அளவு மார்ஃபின் மூச்சிரைப்பையும் தணிக்கும். மூச்சை நிறுத்திவிடும் என்று நாங்கள் அஞ்சிய அதே மருந்து!

தொண்டையில் கரகரப்பு. இறுதி நாளில் விழுங்கும் ஆற்றல் போய்விடுவதால் எச்சில் தொண்டையில் தேங்கி ஒலி எழுப்பும். கேட்பவர்களுக்கு அது நெஞ்சைப் பிளக்கும். பெரும்பாலும் நினைவிழந்துவிட்ட நோயாளி அதனால் துன்புறுவதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் வடிந்துவிடும். குழாய் விட்டு உறிஞ்சுவதுதான் துன்பம்.

இரத்தப் போக்கு. வாயிலும் கழுத்திலும் புற்று உள்ளவர்களுக்குக் கட்டி ஒரு பெரிய இரத்தக் குழாயை அரித்துவிடக்கூடும். இது அரிதே, ஆயினும் நேர்ந்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். முகாமில் செவிலியர் தம் பையிலிருந்து கருநீலத் துண்டுகள் இரண்டை எடுத்துக் காட்டினார். இவை எதற்கு என்று கேட்டார், எங்களுக்கு விளங்கவில்லை. வெள்ளைத் துணியில் இரத்தம் பரவுவதைக் கண்டால் நோயாளியும் வீட்டாரும் பேரச்சம் கொள்வார்கள். கரிய துணியில் நிறம் தெரியாது, அவ்வளவே. துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அருகில் உட்கார்ந்து, கையை விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவத்தில் இப்படி ஒரு பாடம் இருக்கும் என்று நான் எண்ணியதே இல்லை. எங்கள் அம்மாயிக்கு அது நேரவில்லை. நேர்ந்திருந்தால் நாங்கள் எல்லோரும் அலறியிருப்போம்.

பிதற்றலும் கொந்தளிப்பும். அமைதியாக இருந்தவர் திடீரென எழுந்து ஓடப் பார்ப்பார், இறந்துபோனவர்களை அழைப்பார். 'காத்துக் கருப்பு' என்று மந்திரிக்கப் போவது உண்டு. சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அடைத்த சிறுநீரை வெளியேற்றியதும் தெளிந்துவிட்டவர்கள் உண்டு. இல்லையெனில் ஹாலோபெரிடால் போன்ற மருந்து தணிக்கும்.

புண்ணின் நாற்றத்தை அவசரம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் பேரன் பேத்திகள் அறைக்குள் வராமல் போவதற்கு அதுவே காரணம். காற்றில்லா இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் எழுப்பும் நாற்றம் அது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் சில நாள்களில் பெரிதும் குறையும். கேரளத்தில் ஆதரவுச் சிகிச்சையாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் எளிய முறை இது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சாப்பிடாமல் போகிறாரே என்று 'குளுக்கோஸ்' ஏற்றச் சொல்லி மன்றாடுகிறோம். இறுதி நாள்களில் உடல் உணவைக் கேட்பதில்லை. ஏற்றும் நீர் வீக்கத்தையும் தொண்டைச் சளியையும் மிகுவிப்பதுண்டு. வாய் உலராமல் ஈரப் பஞ்சால் துடைத்துவருவதே போதும். உறவினர் ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றும் வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்பதால், பாலில் நனைத்த பஞ்சை உதட்டில் ஒற்றினால் வழக்கமும் நிறைவேறும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பொருளன்று. புற்றுநோயாளிக்குப் புதிதாக முதுகுவலி தோன்றிக் கால்கள் வலுவிழந்தால், கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று ஐயுற வேண்டும். அன்றைக்கே மருத்துவமனை செல்ல வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் நடக்கும் ஆற்றல் நிலையாகப் போய்விடக்கூடும். எது ஓட வேண்டிய அவசரம், எது உட்கார வேண்டிய அவசரம் என்பதை வீட்டாருக்கு முன்பே பிரித்துச் சொல்ல வேண்டும்.

பெட்டியும் தாளும் தொலைபேசியும்

வருவது தெரியும் என்றால் அதற்கான பொருள்களை முன்பே வீட்டில் வைத்துவிடலாம் அல்லவா? இங்கிலாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். இறுதி நிலை நோயாளியின் வீட்டில் ஒரு சிறு பெட்டி இருக்கும். வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மார்ஃபின், பதற்றத்துக்கு மிடசோலம், குமட்டலுக்கும் பிதற்றலுக்கும் ஹாலோபெரிடால் போன்றதொன்று, தொண்டைச் சளிக்கு கிளைகோபைரோலேட் அல்லது ஹையோசின். எதற்கு எது, எவ்வளவு என்று மருத்துவர் ஒப்பமிட்ட தாளும் உடனிருக்கும். இரவில் அழைத்தால் செவிலியர் வந்து அதையே எடுத்துக் கொடுப்பார். நரம்பு தேட வேண்டியதில்லை. தோலுக்கடியில் போடும் சிறு ஊசி போதும். மெல்லிய 'பட்டர்ஃபிளை' ஊசி ஒன்றை முன்பே பொருத்திவிட்டால் ஒவ்வொரு முறையும் குத்தவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வீட்டாருக்கே அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அம்மாயியின் இரு கைகளிலும் இருந்த ஊசித் தழும்புகள் என் நினைவுக்கு வருகின்றன.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 2015 முதல் இன்னொரு வழி கண்டிருக்கிறார்கள். அவசர ஊர்திப் பணியாளர்களுக்கே இப்பயிற்சி அளித்து, நோயாளி விரும்பினால் அவரைத் தூக்கிச் செல்லாமல் வீட்டிலேயே வலியைத் தணித்துவிட்டுத் திரும்பும்படி செய்துள்ளார்கள். எங்கள் வாசலில் நின்ற 108 ஊர்தியில் அந்தப் பயிற்சியும் அந்த அனுமதியும் ஏறி வந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அவையெல்லாம் செல்வ நாடுகள் என்று சொல்வோர் வாளையாற்றைத் தாண்டிப் பார்க்கலாம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் மருத்துவர் எம். ஆர். இராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், ஆசிரியர்களையும் கடைக்காரர்களையும் மாணவர்களையும் தொண்டர்களாக்கியது. 1999-க்குப் பின் அக்கம்பக்கத்தாரே பொறுப்பேற்கும் வலைப்பின்னலாக அது ஊர்தோறும் பரவிற்று. 2008-இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். கோவையிலிருந்து பாலக்காடு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.

நம் மாநிலத்திலும் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருவதை நாம் எல்லோரும் காண்கிறோம். படுக்கையில் கிடப்போருக்கு ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதே திட்டத்தில் அடங்கும். செவிலியர் வீட்டுக்கே வந்து புண் கட்டுகிறார். இது பெரிய காரியம். அந்த வண்டி பகலில் வருகிறது. வலி இரவில் வருகிறது. இடையில் உள்ளதுதான் பள்ளம்.

அதை அடைக்கப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம். குணமாக்கும் சிகிச்சை முடிந்தது என்று சொல்லி அனுப்பும் நாளிலேயே ஒரு பக்கத் தமிழ்த் தாள் ஒன்றைக் கொடுக்கலாம். நேரம், அளவு, உபரி அளவு, அஞ்ச வேண்டாதவை, ஓட வேண்டியவை ஆகியவற்றோடு, நோயாளி எங்கே இருக்க விரும்புகிறார் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். இந்தக் கடைசி வரி இருந்தால் ஊர்திப் பணியாளருக்கும் அவசரப் பிரிவு மருத்துவருக்கும் சங்கடமில்லை. 104 என்னும் சுகாதார ஆலோசனை எண் ஏற்கெனவே இருக்கிறது. இரவு நேரத்தில் ஆதரவுச் சிகிச்சை தெரிந்த செவிலியர் ஒருவர் அதில் பதில் சொன்னால், பாதி வீடுகளில் ஊர்தியே தேவைப்படாது. மருந்துப் பெட்டி மட்டும் சிக்கலானது. ஊசி மார்ஃபினைக் குடிசை வீட்டில் வைப்பது பாதுகாப்பா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். வாய்வழி மார்ஃபினையும், மூக்கில் தெளிக்கும் வகையில் கிடைக்கும் மிடசோலத்தையும் கொண்டு தொடங்கலாம். கணக்கு வைத்தால் தவறு நேராது. கணக்கு எவ்வளவு கண்டிப்பாக வைக்கப்படுகிறது என்பதை நானே பார்த்தேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, மீந்த மார்ஃபின் மாத்திரைகளை அவற்றைத் தந்த மருத்துவமனையில் திருப்பி ஒப்படைக்கச் சென்றேன். மருந்தகத்தில் இருந்த அம்மையார் அட்டைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினார். 84-இல் 61 இருந்தன. பதினோரு நாளுக்கு ஆறு வீதம் 66 செலவாகியிருக்க வேண்டும். நாங்கள் கொடுத்தவை 23. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பதிவேட்டில் எண்ணை எழுதி, என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார்.